மரத்தின் இரண்டு பக்கமும்

ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்ததும் முன்னால் பெரிய திரையொன்று தொங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் முழுக்கத் துருவ மான்களின் மண்டையோடுகள். 400 மண்டையோடுகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நெற்றிகளில் குண்டு பாய்ந்த துளைகள்.

மாரெட் ஆன்னே சாரா என்ற சாமி இனக் கலைஞர் செய்தது. சாமி (Sámi) என்பது ஐரோப்பாவின் வட கோடியில் வாழும் பூர்வகுடி மக்களின் பெயர். மான் மேய்ப்பவரான அவருடைய தம்பியிடம் இருந்ததே சின்ன மந்தை. அதை 75 மான்களாகக் குறைக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அதற்குமேல் குறைத்தால் தொழில் கட்டாது என்று தம்பி வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்த வழக்கு நடந்த நாட்களில் இந்தத் திரை பாராளுமன்றத்துக்கு முன்னால் தொங்கியது. இன்று அதே அரசின் அருங்காட்சியக வாசலில் தொங்குகிறது. வாங்கி மாட்டியவர்களுக்கு மனம் பெரிது என்பதா, துணிவு என்பதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதன் கீழே நின்றபோதுதான் சித்தப்பா அந்தக் கதையைச் சொன்னார். 80களின் கடைசியில் நோர்வே வந்த எங்கள் ஈழத்தமிழ் ஆட்கள் கனபேரைப் போல அவரும் முதலில் போய்ச் சேர்ந்தது வடக்கே பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைக்கு. கொட் மீனைத் துண்டு போடும் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் வருடக்கணக்காக நின்று வேலை செய்திருக்கிறார். நல்ல சிநேகிதம். சித்தப்பாவுக்கு நோர்வீஜிய மொழி பழக்கியதே அவர்தான். பிறகு சித்தப்பா ஒஸ்லோ வந்துவிட்டார். பல காலம் கழித்து முகநூலில் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்க்கிறார்: நீலத் துணியில் சிவப்பும் மஞ்சளும் பட்டி வைத்துத் தைத்த சாமி உடை, கழுத்தில் வெள்ளி.

"அவவும் சாமியாம் தம்பி. இவ்வளவு காலம் பக்கத்தில நிண்டு மீன் வெட்டினவ, ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1960கள் வரைக்கும் நோர்வே அரசு சாமி மக்களை நோர்வீஜியர் ஆக்கும் வேலையைத் திட்டம் போட்டுச் செய்தது. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அங்கே சாமி மொழி பேசக்கூடாது. 1902இல் வந்த ஒரு சட்டப்படி, நோர்வீஜிய மொழியைப் பேசவும் எழுதவும் தெரிந்து அன்றாடம் புழங்குகிறவர்களுக்குத்தான் பின்மார்க்கில் அரச காணி விற்கலாம். மேட்டு நிலத்தில் மான்களோடு இருந்தவர்கள் எப்படியோ தாக்குப் பிடித்தார்கள். கரையோரத்தில் மீனும் ஆடும் மாடும் என்று வாழ்ந்த சாமி மக்களுக்குத்தான் பெரிய அடி. பெற்றோர் பிள்ளைகளோடு சாமி மொழி கதைப்பதை நிறுத்தினார்கள். ஒரு தலைமுறைக்குள் ஊர் ஊராக "நாங்கள் நோர்வீஜியர்" ஆகிவிட்டன.

மொழியை வைத்துக் காணி கொடுப்பதும் வேலை கொடுப்பதும் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் இதையெல்லாம் விளக்கி முடிக்க, சித்தப்பா ஒன்று மட்டும் கேட்டார்: "அப்ப இவையும் ஒரு 56ஐக் கண்டவையோ?" 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தைத்தான் சொன்னார்.

அடுத்த ஈஸ்டருக்கு இரண்டு பேருமாக வடக்கே போவதென்று அங்கேயே முடிவாயிற்று.

*

அல்தாவில் விமானம் இறங்கி, ஆணி வைத்த சில்லுகளோடு ஒரு வாடகைக் கார் எடுத்து, தெற்கே மேட்டு நிலத்தை நோக்கி ஓடத் தொடங்கினோம். கௌட்டொகைனோவுக்கு 130 கிலோமீட்டர் அளவு. ஏப்ரல் மாதம், ஆனால் சுற்றிவர முழு வெள்ளை. குட்டைப் பேர்ச் மரங்கள் பனிக்குள் இடுப்பளவு நின்றன.

இந்தப் பாதையில் மாசி என்றொரு சின்ன ஊர் வரும். ஒரு தேவாலயம், கொஞ்ச வீடுகள், பக்கத்தில் உறைந்த ஆறு. நிறுத்திப் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இன்று சாமி மக்களுக்கு நோர்வேயில் இருக்கிற உரிமைகள் பலவற்றின் வேர் இங்கே கிடக்கிறது. அல்தா ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்க 1970களில் போட்ட முதல் திட்டப்படி இந்த ஊர் தண்ணீருக்குள் போயிருக்கவேண்டும். எதிர்ப்பு வந்ததும் ஊரை விட்டுவிட்டார்கள், அணையை விடவில்லை. 1979இல் சாமி இளையவர்கள் 7 பேர் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், சூரியன் எழும்பாத குளிரில், ஆற்றோரம் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைத் தூக்க 600 பொலிசாரை அனுப்பினார்கள். அடுத்த மாதம் 14 சாமிப் பெண்கள் பிரதமர் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து எழும்ப மறுத்தார்கள்.

அணை கட்டப்பட்டது. அந்த வகையில் அது தோற்ற போராட்டம். ஆனால் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த அந்தக் காட்சிகளுக்குப் பிறகு அரசால் பழையபடி இருக்க முடியவில்லை. மின்நிலையம் ஓடத் தொடங்கிய அதே 1987இல் சாமிச் சட்டம் வந்தது. 1989இல் சாமி பாராளுமன்றம் திறந்தது.

அல்தாவுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1852இல் ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த பின்லாந்தின் எல்லையை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாக மான்களோடு எல்லை கடந்து திரிந்தவர்களுக்குப் பாதி மேய்ச்சல் நிலம் போயிற்று. சாராயம் விற்றுக் கடனில் மாட்டும் வியாபாரி ஒரு பக்கம், தண்டனை கொடுக்கும் அதிகாரி ஒரு பக்கம், புதிதாகப் பரவியிருந்த லெஸ்தாதியம் என்ற கிறிஸ்தவ பக்தி இயக்கத்தின் சூடு இன்னொரு பக்கம். அந்த நவம்பரில் கௌட்டொகைனோவில் ஒரு கூட்டம் கிளம்பி வியாபாரியையும் அதிகாரியையும் கொன்றது. 1854இல் அல்தாவின் போசெகோப்பில் வைத்து அஸ்லாக் ஹெத்தா, மொன்ஸ் சோம்பி என்ற இரண்டு பேரின் தலையை வெட்டினார்கள். உடல்களைப் புதைத்தார்கள். தலைகளைத் தலைநகரப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் கூடத்துக்கு அனுப்பினார்கள், இனங்களை அளந்து ஆராயும் சேகரிப்புக்கு. சோம்பி குடும்ப வழியில் வந்த நில்லாஸ் சோம்பி (அல்தா அணைப் போராட்டத்தில் ஒரு கையை இழந்தவர்) விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் 1997இல்தான் இரண்டு தலைகளும் திரும்பி வந்து அல்தாவுக்குப் பக்கத்துக் கோபியோர்டில் அடக்கமாயின. 143 வருடங்கள்.

*

கௌட்டொகைனோவில் ஈஸ்டர் என்றால் தேவாலயத் திருநாள் மட்டுமில்லை. குளிர்காலம் முழுக்க மேட்டு நிலத்தில் இருந்த மான்கள் வசந்தத்தில் கரையோரத்துக்கு நடக்கத் தொடங்கும். குடும்பங்களும் கூடவே பிரிந்து போய்விடும். அதற்கு முன்னால் எல்லோரும் ஊரில் இருக்கும் கடைசி நாட்கள் இவை. கலியாணம், திருமுழுக்கு, உறுதிபூசுதல் எல்லாவற்றையும் இதற்குள் வைத்து முடிக்கிறார்கள். உறைந்த ஆற்றில் மான் ஓட்டப் போட்டி, சுருக்குக் கயிறு எறியும் போட்டி, இரவில் யோய்க் என்ற சாமி மரபுப் பாடலுக்கும் புதுப் பாட்டுக்கும் போட்டி.

சாமி மரபைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு எரிபொருள் நிலையம்தான். பொய்யில்லை. பெட்ரோல் அடிக்க நின்றபோது முழு உடையில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. உடையை காக்தி என்பார்கள். தாய்க்கு நெஞ்சில் வட்டம் வட்டமாக வெள்ளிப் பதக்கங்கள், தோளில் நீளக் குஞ்சம் வைத்த பட்டுச் சால்வை. தகப்பன் அதே உடையோடு பனி ஸ்கூட்டருக்கு எண்ணெய் நிரப்பினார். ஐந்து வயதுப் பையன், இடுப்பில் அகலப் பட்டி, கையில் ஹொட் டோக், கெச்சப் உடையில் விழாமல் முன்னுக்குக் குனிந்து தின்றான். தாய் பார்வையாலேயே மிரட்டினா. கலியாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்ட பிள்ளையை எங்கள் தாய்மார் பார்க்கும் அதே பார்வை. விளிம்பின் வேலைப்பாடு, பட்டியின் நிறம், தொப்பியின் வெட்டு எல்லாவற்றையும் வைத்து எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று அவர்களுக்குள் சொல்லிவிடுவார்களாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வடிவு.

தெரிந்தவர் மூலம் ஏற்பாடாகியிருந்த ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. புருஷனும் பெண்சாதியும் ஐம்பதுகளில், பெண்சாதியின் தாய் எண்பது தாண்டியவர். மகள் சாமி பல்கலைக்கழகக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரி அந்த ஊரிலேயே இருக்கிறது, பாடம் நடப்பது சாமி மொழியில். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரில்.

பிடோஸ் சமைத்திருந்தார்கள். கலியாண வீடுகளில் கட்டாயம் இருக்கும் சாப்பாடு. மான் இறைச்சி, எலும்பு, உருளைக்கிழங்கு, கரட், உப்பு. அவ்வளவுதான். பெரிய பானையில் மெல்லிய நெருப்பில் கிடந்து கிடந்து கொழுப்பு மேலே தங்க நிறத்தில் மிதக்கும். சித்தப்பாவின் ஜக்கெட் பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் யாழ்ப்பாணத்துத் தூள் இருந்தது எனக்குத் தெரியும். எங்கே போனாலும் கொண்டுபோவார். முதல் கரண்டி வாய்க்குள் போனது. பைக்குள் போன கை வெறுமனே திரும்பி வந்தது. "உப்பும் தண்ணியும்தான் தம்பி, ஆனா இறைச்சி எண்டா இதுதான் இறைச்சி" என்று தமிழில் சொல்லிவிட்டு, மச்சை எலும்பை உறிஞ்சத் தொடங்கினார். எலும்பை முதலில் விருந்தாளிக்கு நீட்டியது அந்த அம்மம்மா. உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டு அவவுக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு கோப்பி. வந்தவரைக் கோப்பி இல்லாமல் விடமாட்டார்கள், ஒரு கோப்பையோடும் விடமாட்டார்கள். காய்ந்த மான் இறைச்சியைக் கத்தியால் சீவிக் கோப்பிக்குள் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். சித்தப்பா அதையும் செய்தார்.

பிறகுதான் கேட்டார்: "தம்பி, இவையளுக்கு எத்தனை மான் கிடக்குமெண்டு கேளன்."

நான் கேட்கவில்லை. மான் மேய்க்கும் ஒருவரிடம் எத்தனை மான் என்று கேட்பது, வங்கிக் கணக்கில் எவ்வளவு காசு என்று கேட்பது போல. ஆனால் சித்தப்பாவுக்கு நோர்வீஜியம் என்னைவிட நல்லாகத் தெரியும். அவரே கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "மரத்தின் இரண்டு பக்கமும் நிற்கும்" என்றார். மகள் சிரித்தாள். சித்தப்பாவுக்கும் சிரிப்பு. "காணி எவ்வளவு எண்டு கேட்டா எங்கட அப்புவும் இப்பிடித்தான் சொல்லுவார்" என்றார்.

எண்ணிக்கையைச் சொல்லாதவர் மற்றதெல்லாம் சொன்னார். ஒரு கடித உறையின் பின்பக்கம் இரண்டு காதுகள் கீறி, அதில் தன் குறியைப் போட்டுக் காட்டினார்: இடது காதின் நுனி வெட்டு, கீழ் விளிம்பில் ஒரு பிறை, வலது காதில் இரண்டு கீறல். ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவு செய்த தனிக் குறி. பிள்ளைகளுக்கு வேறு குறி, பெரும்பாலும் தாய் தகப்பனின் குறியில் இருந்து சின்ன மாற்றம். கோடையில் மந்தையைச் சேர்த்து அடைத்து, கன்றுகளைப் பிடித்து, இலக்கம் எழுதிய அட்டையைக் கழுத்தில் கட்டி விடுவார்கள். பிறகு ஒரு பக்கமாக உட்கார்ந்து எந்தக் கன்று எந்தத் தாயின் பின்னால் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தாயின் காதில் யார் குறியோ கன்று அவருக்கு. மணிக்கணக்கில் ஓடும் மந்தையில், தூரத்தில், ஒரு நொடி திரும்பும் காதைப் பார்த்து யாருடையது என்று சொல்கிறார். நான் உறையில் இருந்த கீறலையே இரண்டு தரம் பார்க்கவேண்டியிருந்தது.

அவருடைய கவலை காலநிலை. குளிர்காலத்தில் பனி விழலாம், எவ்வளவு என்றாலும். மான் காலால் கிளறிக் கீழே பாசி போலப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்னும். நடுக் குளிர்காலத்தில் மழை பெய்தால்தான் வினை. பெய்த மழை உறைந்து பனிக்குள் கண்ணாடித் தட்டுப் போலப் படியும். கீழே தீன் இருப்பது மானுக்கு மணக்கும், கிளற முடியாது. முன்பு எப்போதாவது வந்தது இப்போது அடிக்கடி வருகிறது. தீவனம் வாங்கி ஸ்கூட்டரில் இழுத்துக்கொண்டுபோய்ப் போடவேண்டும். அதற்குமேல் காற்றாலை. தெற்கே போசென் பகுதியில் 151 காற்றாலைகளை நட்டு முடித்த பிறகு, 2021 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம், அவை அங்குள்ள சாமி மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன, கொடுத்த அனுமதி செல்லாது என்று தீர்த்தது. தீர்ப்பு வந்து 500 நாளாகியும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்ததால்தான் 2023இல் இளையவர்கள் ஒஸ்லோவில் அமைச்சுகளின் வாசலை மறித்தார்கள். கடைசியில் இழப்பீடும் மாற்று நிலமும் பேசி உடன்பட்டார்கள். காற்றாலைகள் நிற்கின்றன. "பச்சை மின்சாரம் என்கிறார்கள். 1980லும் அணையை அப்படித்தான் சொன்னார்கள்" என்றார் அவர். சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்ற பேச்சில் வரும் நில அபகரிப்பைப் பற்றி எனக்கு இருந்த அரைகுறைச் சந்தேகம் அந்தச் சாப்பாட்டு மேசையில் முழுதானது.

புறப்படுகிற நேரத்தில் அம்மம்மா யோய்க் பாடினா. யாரும் கேட்கவில்லை. பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே தொடங்கினா. சொல் கொஞ்சம், மிச்சம் லோ, லா என்று போகும் குரல். தொண்டையின் அடியில் இருந்து மேலே எழும்பி, திரும்பத் திரும்ப அதே வளைவில் வந்து, மூச்சு முடிகிற இடத்தில் சட்டென்று நின்றது. முடிவு என்று ஒன்று இல்லை, நிறுத்தம்தான். அது அவவின் இறந்துபோன தமையனுடைய யோய்க் என்று பேத்தி சொன்னாள். யோய்க் யாரைப் பாடுகிறதோ அவருக்கே சொந்தம், கட்டியவருக்கு இல்லை. நானே எனக்கு ஒன்று கட்டிக்கொள்ள முடியாது, யாராவது தரவேண்டும். தமையன் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "இப்போதுதானே காதால் கேட்டாய்" என்றா அம்மம்மா.

அவவின் சின்ன வயதில் வீட்டுக்குள் யோய்க் பாடினால் பாவம். லெஸ்தாதியக் குடும்பம். மந்தையோடு இருக்கையில் மட்டும் பாடுவார்களாம், மான்கள் யாரிடமும் சொல்லாது என்று. 17ஆம் நூற்றாண்டில் மந்திரவாதம் என்று அடக்கியதன் நீட்சி அது. நில்ஸ் அஸ்லாக் வல்கெயாப்பா போன்றவர்கள் 1960களின் கடைசியில் அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகமே பார்க்க அவர் யோய்க் பாடினார். அதே காலத்தில் சில ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் கூச்சம்தான்.

அன்று இரவு வடதுருவ ஒளியும் பார்த்தோம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை, யூட்யூபில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

*

காரஷோக்கில் சாமி பாராளுமன்றம். 2000இல் திறந்த கட்டடம். பிறைவடிவில் வளைந்து கிடக்கும் நீள மரக் கட்டடத்தின் ஒரு முனையில், சாமி மக்களின் கூம்புக் கூடாரமான லாவ்வுவின் வடிவில் அவை மண்டபம். 39 உறுப்பினர்கள். தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, நோர்வேப் பாராளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து. தானும் சாமி என்று அறிவித்து, குடும்பத்தில் பூட்டன் பூட்டி வரைக்கும் யாராவது வீட்டில் சாமி மொழி பேசினார்கள் என்று காட்டினால் வாக்காளர் பட்டியலில் பெயர் வரும். சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் இவர்களைக் கலந்து பேசாமல் சாமி விஷயங்களில் அரசு முடிவெடுக்க முடியாது. 2005இல் வந்த பின்மார்க் சட்டப்படி அந்த மாகாண நிலத்தில் 95 வீதமளவு அரசின் கையை விட்டு உள்ளூர் அமைப்பொன்றுக்குப் போனது. அதன் 6 பேர் கொண்ட நிர்வாகத்தில் 3 பேரைச் சாமி பாராளுமன்றம் நியமிக்கிறது. 1997இல் அரசர் ஹரால்ட் இந்த அவையின் புதிய அமர்வைத் திறந்து வைக்க வந்தபோது, நோர்வே அரசு நோர்வீஜியர், சாமி மக்கள் என்ற இரண்டு மக்களின் நிலத்தில் எழுந்தது என்று சொல்லி, நடந்த அநீதிக்கு மன்னிப்புக் கேட்டார். தலைகள் திரும்பி வந்த அதே வருடம். நோர்வேப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்க 2024 நவம்பர் வரை எடுத்தது.

பாராளுமன்றத்தை விட என்னை நிறுத்தி வைத்தது ஒரு மேளம்.

வாரங்கரில் வாழ்ந்த போலா ஆந்தெ என்ற கிழவர், நோர்வீஜியப் பதிவுகளில் ஆண்டர்ஸ் பவுல்சன். 1691 டிசம்பரில் அவருடைய மேளத்தைப் பறித்தார்கள். அடுத்த பெப்ரவரியில் வாட்சோவில் மந்திரவாதக் குற்ற விசாரணை. மான் தோலில், ஓல்டர் மரப் பட்டைச் சாற்றின் செந்நிறத்தில் வரைந்த உருவங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி நீதிமன்றத்தில் அவர் விளக்கம் சொன்னார். மேலே ஒரு பித்தளை வளையத்தை வைத்து, மான் கொம்புச் சுத்தியலால் தட்டினால் வளையம் துள்ளித் துள்ளி ஓடும். எந்த உருவத்தில் போய் நிற்கிறதோ அதை வைத்துக் குறி சொல்வார்கள். தீர்ப்பை, அப்போது நோர்வேயை ஆண்ட டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனிடம் கேட்டுக் காத்திருந்த இடைவெளியில், காவலில் இருந்த அவரை மனநிலை சரியில்லாத ஒருவன் கோடரியால் கொன்றுவிட்டான். மேளம் டென்மார்க் அரச சேகரிப்புக்குப் போனது. எரித்தும் அழித்தும் போனவை போக ஐரோப்பா முழுக்க எழுபது சொச்சம் பழைய மேளங்கள்தான் மிச்சம். இந்த மேளத்துக்கு அதன் உரிமையாளரே வாய்விட்டுச் சொன்ன விளக்கம் பதிவில் இருக்கிறது, தன்னைக் கொல்லக் கூடிய ஒரு நீதிமன்றத்தில் நின்று சொன்னது.

1979இல் அது காரஷோக் அருங்காட்சியகத்துக்கு வந்தது, இரவலாக. சொந்த மேளத்துக்கு இரவல் பத்திரம், காலம் முடிய முடியப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஜனவரியில்தான் டென்மார்க் உரிமையை மாற்றி எழுதிக் கொடுத்தது. கண்ணாடிக்கு அப்பால் பார்க்க அது சின்னதாகத்தான் இருக்கும். உருவங்கள் மங்கிவிட்டன. சித்தப்பா நெடுநேரம் நின்றுவிட்டுச் சொன்னார்: "கோர்ட்டில கிழவன் எவ்வளத்தை மறைச்சுச் சொன்னானோ." எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதில்லை. பதிவைப் படித்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: உருவங்களுக்கு அவர் பெரும்பாலும் கிறிஸ்தவப் பொருளே சொன்னார். உயிர் தப்பப் பார்க்கும் மனிதன் வேறு என்ன சொல்வான்?

*

காரஷோக்கில் இருந்து இனாரிக்குப் போகும் வழியில் ஒரு பாலம் கடந்தால் பின்லாந்து. கடவுச்சீட்டைக் கேட்க ஒருவரும் இல்லை. 1751இல் எல்லை போட்டபோதே, மான்களோடு கடந்து போகும் சாமி மக்களின் உரிமையைத் தனிப் பின்னிணைப்பாக ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நூறு வருடம் கழித்து எல்லையை மூடினார்கள். இப்போது நாங்கள் காரில் பாட்டுக் கேட்டபடி போகிறோம்.

பாலத்தில் சித்தப்பா மீன் பற்றித்தான் கவலைப்பட்டார். இந்த ஆறுகள் சேர்ந்துதான் தானா ஆறு, ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய சல்மன் ஆறுகளில் ஒன்று. மீன் அருகிப்போய் 2021இல் சல்மன் பிடிக்கத் தடை போட்டார்கள். மான் மேய்ப்பவர் சாமி மக்களில் சிறுபான்மைதான். இந்த ஆற்றோரத்துக் குடும்பங்களுக்குச் சல்மன்தான் எல்லாம். தடை போட்டதோடு வலை பின்னுவது, ஆற்றின் ஒவ்வொரு மடுவுக்கும் உள்ள பெயர், தகப்பனோடு படகில் போய்ப் பழகுவது எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன.

இனாரியில் சீடா அருங்காட்சியகம். 2021இல் ஹெல்சிங்கி தேசிய அருங்காட்சியகம் தன் சாமி சேகரிப்பு முழுவதையும், 2,200க்கும் மேற்பட்ட பொருட்களை, இங்கே திருப்பிக் கொடுத்தது. 2024இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருது இதற்குத்தான். காலணிகள், கரண்டிகள், தொட்டில்கள். அறிவிப்புப் பலகைகளில் மூன்று சாமி மொழிகள்: வட சாமி, இனாரி சாமி, ஸ்கொல்ட் சாமி.

இனாரி சாமி மொழியை இந்த ஏரியைச் சுற்றி மட்டும் சில நூறு பேர் பேசுகிறார்கள். 1990களில் அதுவும் முடிந்துவிடும் என்றிருந்தது. 1997இல் மழலையர் மொழிக்கூடு தொடங்கினார்கள், நியூசிலாந்து மாவோரி மக்களிடம் இருந்து எடுத்த முறை. பிள்ளைகளோடு அந்த மொழியைத் தவிர வேறு பேசுவதில்லை. பிள்ளைகள் பேசத் தொடங்கியபோது வேறு சிக்கல்: பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க ஆளில்லை. கிழவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், நடுவில் தாய் தகப்பன் வயதில் இருந்தவர்களுக்குத் தெரியாது. 2009இல் அந்த நடுத் தலைமுறையில் 17 பேரை எடுத்து, ஒரு வருடம் முழுநேரமாக, சம்பள வேலை போல, கிழவர்களிடம் அனுப்பி மொழி படிப்பித்தார்கள். சேர்ந்து மீன் பிடித்து, சமைத்து, கதைத்துப் படித்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியர்களும் செய்தியாளர்களும் ஆனார்கள். வார விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, காருக்குள் இருந்து நோர்வீஜியத்தில் கதைக்கும் எங்கள் பெற்றோருக்கு (நானும் அதில் ஒருவன்) இந்தத் திட்டம் கொஞ்சம் சுடும்.

தெற்கே ரொவானியேமியில் கிறிஸ்மஸ் தாத்தா ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊர் சாமி தாயகப் பகுதிக்குள் வராது. அங்கே பல காலமாக, சாமி அல்லாதவர்கள் மலிவுத் துணியில் காக்தி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, "லாப்லாந்துச் சடங்கு" காட்டிக் காசு வாங்கினார்கள். ஹஸ்கி நாய் வண்டியும் சாமி மரபு இல்லை. அவர்களுடைய நாய் மந்தை மேய்க்கும் சின்ன நாய். பின்லாந்தின் சாமி பாராளுமன்றம் 2018இல் இதற்கெல்லாம் நெறிமுறை வெளியிட்டது: வீடுகளையும் பிள்ளைகளையும் கேட்காமல் படம் பிடிக்கவேண்டாம், புனித இடங்களை விளம்பரத்துக்கு எடுக்கவேண்டாம், சாமி பெயரில் விற்பதைச் சாமி மக்களே முடிவு செய்யவேண்டும். சுற்றுலா நிறுவனங்கள் எல்லாம் கேட்கின்றன என்று சொல்லமாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஈஸ்டர் என்றால் கௌட்டொகைனோவில் அறை கிடைப்பது கஷ்டம், குளிர்காலம் தொடங்கும்போதே பிடித்துவிடுங்கள். பெப்ரவரி என்றால் சுவீடனின் யொக்மொக் சந்தை, 1605இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. கைவினைப் பொருள் வாங்குவதென்றால் "சாமி துவோஜி" என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது சாமி கைவினைஞர் செய்ததற்கான அடையாளம். பேர்ச் மரக் கணுவில் குடைந்த ஒரு குவளைக்கு ஆயிரம் குரோணருக்குமேல் கேட்பார்கள். பேரம் பேசாதீர்கள். சித்தப்பா பேசிப் பார்த்தார், ஒரு குரோணர்கூடக் குறையவில்லை. குவளையை வாங்கிக்கொண்டுதான் வந்தார், அதில் கோப்பி குடிக்க விடமாட்டேன் என்று சித்தி எடுத்து ஷோகேசில் வைத்திருக்கிறா.